இஸ்தான்புலின் பழைய தேவாலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இஸ்தான்புலுக்குச் சுற்றுலா வரும் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் இந்த நகரத்தின் தேவாலயங்களைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கட்டணமும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. இஸ்தான்புல் முஸ்லிம் நகரம்தானே? தேவாலயத்துக்குப் போனால் யாரும் ஏதாவது சொல்வார்களா?

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். துருக்கியில் தேவாலயத்துக்குப் போவதும் வழிபடுவதும் சட்டப்படி எல்லோருக்கும் உள்ள உரிமை. நகரின் மிகப் பெரிய கத்தோலிக்கக் கோவிலான புனித அந்தோணியார் கோவில், இஸ்திக்லால் என்ற பரபரப்பான கடைத்தெருவிலேயே நிற்கிறது. அதன் முற்றத்தில் நின்று படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் முஸ்லிம்கள்தாம்.

இந்த நகரம் 330 முதல் 1453 வரை பைசாந்தியம் எனப்படும் கிறிஸ்தவப் பேரரசின் தலைநகராக இருந்தது. அப்போது பெயர் கான்ஸ்டான்டிநோபிள். ஆகவே பழைய நகரின் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு பைசாந்தியச் சுவராவது கண்ணில் படும். மக்களுக்கு அது புதிதல்ல. வியப்பெல்லாம் வெளியூரிலிருந்து வருகிற நமக்குத்தான்.

2. ஹாகியா சோபியா இப்போது தேவாலயமா, மசூதியா, அருங்காட்சியகமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இப்போது மசூதி. பேரரசர் ஜஸ்டினியன் 532 முதல் 537 வரை கட்டிய தேவாலயம் அது. 1453இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நகரைப் பிடித்ததும் மசூதியானது. 1934இல் துருக்கி அமைச்சரவை அதை அருங்காட்சியகமாக்க முடிவு செய்து, அடுத்த ஆண்டு அப்படியே திறந்தது. 2020 ஜூலையில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய, ஜூலை 24ஆம் தேதி மீண்டும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்தது.

இந்தக் கேள்வியை ஹாகியா சோபியாவோடு நிறுத்தாதீர்கள். இஸ்தான்புலில் எந்தப் பழைய தேவாலயத்துக்குப் போவதாக இருந்தாலும் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயமா, மசூதியாக மாறியதா, அருங்காட்சியகமா? டிக்கெட், உடை, நேரம், படம் எடுப்பது எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும். கீழே வரும் பல பதில்களும் இந்த மூன்று வகையை ஒட்டியே இருக்கின்றன.

3. ஹாகியா சோபியாவுக்கு 25 யூரோ வாங்கிக்கொண்டு மாடியை மட்டும்தான் காட்டுகிறார்களாமே, அது தண்டமா?

2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 25 யூரோ. மேல்மாடத்தைத்தான் பார்க்க முடியும். கீழ்த்தளம் தொழுகைக்கு. அருங்காட்சியகங்களுக்கான மியூசியம் பாஸ் இங்கே செல்லாது. தொகை பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்தவக் கலையைப் பார்க்க வருகிறவருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அந்த மேல்மாடத்தில்தான் இருக்கிறது.

தெற்கு மாடத்தில் 13ஆம் நூற்றாண்டு மொசைக் (சின்ன வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த ஓவியம்) ஒன்று உண்டு: நடுவே கிறிஸ்து, ஒரு பக்கம் மரியாள், மறுபக்கம் திருமுழுக்கு யோவான். கீழ்ப்பாதி முழுவதும் உதிர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது முகங்கள் மட்டும் என்றே சொல்லலாம். பக்கத்து ஜன்னலின் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து விழுகிறதோ அதற்கேற்ப முகங்களில் நிழல் வைத்திருக்கிறார்கள். எதிரே கொஞ்சம் தள்ளித் தரையில் ஒரு கல்லில் ஹென்ரிகஸ் தாந்தோலோ என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கும். 1204இல் இந்த நகரைச் சூறையாடிய சிலுவைப்போர்ப் படையோடு வந்த வெனிஸ் தலைவர் அவர். கல் 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. அவர் அடக்கம் செய்யப்பட்டது இந்தக் கோவிலில்தான். நகரின் தேவாலயங்களை முதலில் கொள்ளையடித்தவர்கள் கிறிஸ்தவர்களே என்பதைப் பலர் அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் அறிகிறார்கள்.

அதே மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் வீரர் ஒருவர் ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் கீறிய கிறுக்கலும் இருக்கிறது. ஹால்ஃப்தான் என்ற பெயர் மட்டும்தான் இப்போது படிக்கத் தெரிகிறது. பேரரசரின் காவல்படையில் இருந்தவர். நீண்ட வழிபாட்டின்போது பொழுது போகாமல் கீறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

4. மற்ற தேவாலயங்களுக்கும் டிக்கெட் உண்டா?

வழிபாடு நடக்கும் தேவாலயங்களில் டிக்கெட் கிடையாது. வாசலில் மெழுகுவர்த்தித் தட்டும் காணிக்கைப் பெட்டியும் இருக்கும். சில்லறை லிரா வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கோவில்களில் கார்டு வேலைக்கு ஆகாது. மிகச் சில குடும்பங்களே மிஞ்சியிருக்கும் பங்கு அது என்பதை நினைத்துக்கொண்டு பெட்டியில் போட்டால் தொகை தானாகவே கொஞ்சம் கூடும்.

கோரா, அதாவது இன்றைய காரியே மசூதி, வெளிநாட்டினருக்கு 20 யூரோ. ஹாகியா ஐரீன் தோப்காபி அரண்மனையின் முதல் முற்றத்தில் இருக்கும் அருங்காட்சியகம். அரண்மனை டிக்கெட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. குட்டி ஹாகியா சோபியா எனப்படும் மசூதிக்குக் கட்டணம் இல்லை.

5. என்ன உடுத்த வேண்டும்? தலையை மூட வேண்டுமா? செருப்பு?

மசூதியாக மாறியவற்றில் பெண்கள் தலையை மூட வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கம்பளம் விரித்த இடம் தொடங்கும்போது காலணியைக் கழற்ற வேண்டும். ஹாகியா சோபியாவின் மேல்மாடம் கல்தரை என்பதால் அங்கே கழற்றத் தேவையில்லை. தலைத்துணி மட்டும் வேண்டும்.

தேவாலயங்களில் காலணியோடு போகலாம். தலையை மூடும்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். பழக்கம் மசூதிக்கு நேரெதிர் என்பதால் ஒரே நாளில் இரண்டுக்கும் போகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். ஒரு மெல்லிய சால்வையும் எளிதில் கழற்றி மாட்டும் காலணியும் இருந்தால் நாள் முழுவதும் சமாளித்துவிடலாம்.

6. இணையத்தில் திறந்திருக்கிறது என்று போட்டிருந்தது, போய்ப் பார்த்தால் பூட்டு. ஏன்?

ஏனென்றால் அது காட்சிக்கூடம் அல்ல. பல கிரேக்க, அர்மேனியத் தேவாலயங்களில் பங்கு மக்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கிறார்கள். ஒரு காவலாளி அல்லது அவருடைய குடும்பம் வளாகத்துக்குள்ளேயே குடியிருந்து சாவியை வைத்திருக்கும். மதிலில் அழைப்பு மணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒருமுறை அடித்துவிட்டுக் காத்திருங்கள். திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

திறந்துவிட்டால் நன்றி சொல்லி, சீக்கிரம் பார்த்துவிட்டு, பெட்டியில் காணிக்கை போட்டுவிட்டு வாருங்கள். திறக்காவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. நிச்சயமாகத் திறந்திருக்கும் நேரம் வேண்டுமென்றால் ஞாயிறு காலை வழிபாட்டுக்குப் போவதே வழி.

7. எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போனால் நிறையப் பார்க்கலாம்?

ஹாகியா சோபியா இருக்கும் சுல்தானஹ்மெத்தில் வரிசையில் நின்று அரைநாளைத் தொலைப்பதைவிட ஃபெனெர், பலாத் பக்கம் போங்கள் என்பேன். எமினொனுவிலிருந்து டி5 டிராம் கோல்டன் ஹார்ன் என்ற கடற்கழியின் நீர்க்கரையை ஒட்டியே போகிறது. ஃபெனெர் நிறுத்தத்தில் இறங்கினால் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் தலைமைக் குருவான முதுபெரும் தந்தையின் தலைமையகமான புனித ஜார்ஜ் தேவாலயம் சில நிமிட நடை. அங்கிருந்து மேட்டில் ஏறினால் மங்கோலியரின் மரியாள் தேவாலயம். மறுபடி கரைக்கு இறங்கினால் பல்கேரியர்களின் இரும்புத் தேவாலயம்.

மாலையில் தெம்பு மிச்சமிருந்தால் மேலே எதிர்னெகாபி என்ற பகுதி வரை ஏறி கோராவைப் பார்க்கலாம். ஏற்றம் செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸி பிடிக்கட்டும். அல்லது காலையில் முதலில் கோராவுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நீர்க்கரையை நோக்கி இறங்கி வரலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்லுவேன்.

8. குன்றின் மேல் கோட்டை மாதிரி ஒரு சிவப்புக் கட்டடம் தெரிகிறதே, அதுதானே முதுபெரும் தந்தையின் தேவாலயம்?

இல்லை, அது பள்ளிக்கூடம். ஃபெனெர் கிரேக்க ஆண்கள் பள்ளி, 1880களில் கட்டியது. தலைமைத் தேவாலயம் என்று நினைத்து அதைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். உண்மையான தேவாலயம் கீழே, மதிலுக்குப் பின்னால், வெளியிலிருந்து சரியாகக் கண்ணுக்கே தெரியாது.

9. உலக ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் முதன்மையான கோவில் என்கிறார்கள். இவ்வளவு சின்னதாக, குவிமாடம்கூட இல்லாமல் இருக்கிறதே?

ஒரு காலத்தில் ஹாகியா சோபியாதான் அவர்களுடைய தலைமைக் கோவில். அது மசூதியான பிறகு முதுபெரும் தந்தை புனித அப்போஸ்தலர் தேவாலயத்துக்கு மாறினார். அந்த இடத்தில்தான் இன்று ஃபாத்திஹ் மசூதி நிற்கிறது. பிறகு பம்மகாரிஸ்டோஸ் தேவாலயம். அதுவும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசூதியானது. கடைசியாக 1600 வாக்கில் ஃபெனெரின் இந்தச் சிறிய கோவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். தேவாலயங்கள் எடுப்பாகத் தெரியக் கூடாது என்ற கட்டுப்பாடு உதுமானியர் ஆட்சியில் இருந்ததால் குவிமாடம் எழவில்லை. 1856இல் சுல்தான் வெளியிட்ட சீர்திருத்த ஆணைக்குப் பிறகு நிலைமை மாறியது. 1880இல் தக்சீம் சதுக்கத்தருகே கட்டிய ஆயா திரியாதா தேவாலயத்தின் பெரிய குவிமாடத்தையும் இரட்டை மணிக்கோபுரத்தையும் பார்த்தால் வேறுபாடு புரியும்.

உள்ளே போனால் சின்னது என்ற எண்ணம் போய்விடும். பலிபீடத்தை மறைத்து நிற்கும் பொன்பூச்சு மரத்தடுப்பில் கைவைக்க இடமில்லாமல் கொடிவேலைப்பாடு. ஒரு பக்கம் புனித யோவான் கிறிசோஸ்தோம், இறையியலாளர் புனித கிரகோரி ஆகிய இருவரின் திருப்பண்டங்கள், அதாவது உடல் எச்சங்கள். ரோமில் இருந்த இவற்றை 2004 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருப்பித் தந்தார். தெற்கு ஓரத்தில் ஒரு தூண்துண்டு; கிறிஸ்துவைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த தூணின் பகுதி என்பது மரபு.

வளாகத்தின் நடுவாயில் மூடியே இருக்கும். பக்கவாயிலில்தான் நுழைய வேண்டும். பராமரிப்பு வேலை நடக்கிறதோ என்று கேட்காதீர்கள். கிரேக்கக் கிளர்ச்சி வெடித்த 1821இல், ஈஸ்டர் ஞாயிறன்று, முதுபெரும் தந்தை ஐந்தாம் கிரகோரி அந்த வாயிலில் தூக்கிலிடப்பட்டார். அவர் நினைவாக அது அன்றிலிருந்து திறக்கப்படவில்லை.

10. இரும்புத் தேவாலயம் என்றால் கூரை மட்டும் இரும்பா, முழுவதுமா?

கிட்டத்தட்ட முழுவதும். சுவர், தூண், தூணின் தலைப்பில் உள்ள இலைவேலை எல்லாம். சந்தேகம் இருந்தால் சின்னக் காந்தம் ஒன்றைச் சுவரில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து செதுக்கிய கல் போலத் தெரியும். அருகே போனால் வண்ணப்பூச்சுக்கு அடியில் வரிசையாகப் போல்ட் தலைகள் தெரியும். விரலை மடக்கித் தட்டினால் காலி டிரம்மைத் தட்டியது போல உள்ளுக்குள் ஒலிக்கும்.

நீர்க்கரையின் மண் இளகலாக இருந்ததால் கனமான கற்கட்டடத்தை அது தாங்காது என்று இந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹோவ்செப் அஸ்னாவுர் என்ற அர்மேனியக் கட்டடக்கலைஞர் வரைந்தார். வியன்னாவில் வார்த்த சுமார் 500 டன் பாகங்கள் தன்யூப் ஆற்றிலும் கருங்கடலிலும் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1898இல் திறப்பு விழா. உப்புக்காற்றுக்கு இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் பழுதுபார்த்து 2018 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள்.

11. கோராவும் மசூதியாகிவிட்டது என்றால் மொசைக்குகளை மூடிவிட்டார்களா? போய்ப் பயன் உண்டா?

உண்டு. 1945க்குப் பிறகு அருங்காட்சியகமாக்கப்பட்ட கோரா, 2024 மே மாதம் மசூதியாகத் திறக்கப்பட்டது. தொழுகை நடக்கும் மைய மண்டபத்தில் உள்ள சில மொசைக்குகளுக்குத்தான் திரை. புகழ்பெற்ற வேலைப்பாடுகளில் பெரும்பகுதி இரண்டு முன்மண்டபங்களிலும் பக்கச் சிற்றாலயத்திலும் இருப்பதால் அவை கண்ணுக்குக் கிடைக்கின்றன. வெள்ளிக்கிழமை போகாதீர்கள்.

இரண்டைத் தவறவிடக் கூடாது. ஒன்று, உள் முன்மண்டபத்திலிருந்து மைய மண்டபத்துக்குப் போகும் கதவின் மேல்: இந்தக் கோவிலை 1315 முதல் 1321 வரை புதுப்பித்து அலங்கரித்த தியோடர் மெட்டோகிட்டெஸ் மண்டியிட்டு, கோவிலின் சிறு வடிவத்தைக் கிறிஸ்துவிடம் நீட்டுகிறார். தலையில் உப்பிப் பெருத்த தொப்பி. அவரே அப்போது பேரரசின் பெரிய அமைச்சர். இன்னொன்று, சிற்றாலயத்தின் பலிபீடப் பக்கம் உள்ள உயிர்ப்பு ஓவியம். வெள்ளாடைக் கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுத்தெடுக்கிறார். விரல்களைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். ஏவாளின் உடல் இன்னும் பாதி எழுந்த நிலை. கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் அண்ணாந்து நில்லுங்கள்.

12. மசூதியாக மாறாத ஒரே பைசாந்தியத் தேவாலயம் என்று ஒருவர் ஹாகியா ஐரீனைச் சொல்கிறார், இன்னொருவர் மங்கோலியரின் மரியாளைச் சொல்கிறார். யார் சரி?

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஹாகியா ஐரீன் ஒருபோதும் மசூதியாகவில்லை, ஆனால் தேவாலயமாகவும் நீடிக்கவில்லை. அரண்மனை மதிலுக்குள் மாட்டிக்கொண்டு ஆயுதக்கிடங்காகி, பிறகு அருங்காட்சியகமானது. 381இல் கிறிஸ்தவத் திருச்சபையின் இரண்டாவது பொதுச்சங்கம் கூடிய இடம் அது. அப்போதிருந்த கட்டடம் வேறு. இன்று பலிபீடத்தின் மேல் அரைக்குவிமாடத்தில் வெறும் சிலுவை ஒன்றுதான் இருக்கும். திருவுருவங்களைத் தடைசெய்திருந்த 8ஆம் நூற்றாண்டில் போட்டது அது. இசை விழாக்கள் அங்கே நடப்பதுண்டு.

1453க்கு முன்பிருந்து இன்றுவரை தேவாலயமாகவே நீடிப்பது மங்கோலியரின் மரியாள். பேரரசர் எட்டாம் மைக்கேலின் மகள் மரியாவை மங்கோலிய அரசர் ஹுலாகுவுக்கு மணம்முடிக்க அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்வதற்குள் ஹுலாகு இறந்துவிட்டார். ஹுலாகுவின் மகன் அபகாவை மணந்து, அவரும் 1282இல் இறந்த பிறகு ஊர் திரும்பிய மரியா இங்கே கன்னியர் மடம் அமைத்தார். பிற்பாடு சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் இதைக் கிரேக்கர்களிடமே விட்டுவைக்கும்படி ஆணையிட்டார். வெளியே சிவப்புச் சுவர், சிறிய கட்டடம், பெரும்பாலும் பூட்டு. 6ஆம் பதிலில் சொன்ன அழைப்பு மணி இங்கேதான் மிகவும் தேவைப்படும்.

13. நான் கத்தோலிக்கர். ஞாயிறு திருப்பலிக்கு எங்கே போகலாம்?

புனித அந்தோணியார் கோவில். 1906 முதல் 1912 வரை செங்கல்லில் கட்டியது. பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்துகிறார்கள். ஆங்கிலம், இத்தாலியம், போலிஷ், துருக்கி மொழித் திருப்பலிகள் உண்டு; நேரம் வாசற்பலகையில் இருக்கும். பிற்காலத்தில் திருத்தந்தை 23ஆம் யோவான் ஆன ஆஞ்சலோ ரொன்காலி, 1935 முதல் 1944 வரை வத்திக்கானின் பிரதிநிதியாக இந்த நகரில் இருந்தார். அவருடைய சிலை முற்றத்தில் நிற்கிறது. ஆங்கிலிக்கன் வழிபாடு வேண்டுவோருக்கு அதே வட்டாரத்தில் கிரிமியப் போர் நினைவுத் தேவாலயம் இருக்கிறது.

14. ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுக்குப் போனால் நற்கருணை வாங்கலாமா?

வாங்கக் கூடாது. நற்கருணை, அதாவது வழிபாட்டில் குரு தரும் புனித அப்பமும் இரசமும், ஆர்த்தடாக்ஸ் உறுப்பினர்களுக்கு மட்டும். வழிபாடு முடிந்ததும் குருவானவர் சிறு ரொட்டித்துண்டுகளைக் கொடுப்பார். அது அர்ச்சிக்கப்பட்ட நற்கருணை அல்ல, ஆசீர்வதித்த ரொட்டி. விருந்தினருக்கும் தருவதுண்டு, நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். வழிபாடு நீளமானது. நடுவில் வருவதும் போவதும் அங்கே இயல்பு, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நின்றுகொண்டே இருக்க முடியாதவர்களுக்குச் சுவரோர நாற்காலிகள் உண்டு.

15. முக்காடு போட்ட பெண்கள் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்தேன். அவர்கள் முஸ்லிம்கள்தானா?

ஆம், முஸ்லிம்கள்தான். வேண்டுதலுக்கு மதம் பார்க்காத பழக்கம் இங்கே வெகுகாலமாக உண்டு. வெஃபா பகுதியில் ஒரு கிரேக்கத் தேவாலயத்துக்கு மாதத்தின் முதல் தேதி தேவாலயம் என்றே பெயர். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி தெரு முழுக்க வரிசை நிற்கும். வேண்டுதலுக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு சாவி வாங்கி, திருவுருவப் படங்களின் கண்ணாடிமேல் அதைத் திருப்பி வேண்டுவார்கள். நிறைவேறினால் சாவியைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும்.

இன்னும் பெரிய கூட்டம் புயுக்கதா தீவின் உச்சியில் உள்ள புனித ஜார்ஜ் மடத்தில், ஏப்ரல் 23ஆம் தேதி. ஏற்றம் தொடங்கும் இடத்தில் நூல்கண்டைச் செடியில் கட்டி, பிரித்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். நூல் அறுந்துவிடக் கூடாது என்பது வேண்டுதல். வழியோரப் புதர்கள் முழுவதும் பல வண்ண நூலால் மூடிக் கிடக்கும். அன்று துருக்கியின் தேசிய விடுமுறையும்கூட, ஆகையால் படகில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அமைதியாகப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் போங்கள். வேடிக்கை பார்க்க விரும்பினால் அதே நாளில், முதல் படகில்.

16. உள்ளே படம் எடுக்கலாமா?

ஒவ்வொரு இடத்திலும் வேறுபடும். பலகை இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் கேட்டுவிட்டு. ஃப்ளாஷ் எங்கேயும் வேண்டாம். வழிபாட்டின்போது கேமராவை எடுக்கவே கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரின் முகத்தைப் படமெடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். 15ஆம் பதிலில் சொன்ன பெண்களில் சிலர் வீட்டில் சொல்லாமல் வந்திருக்கக்கூடும்.

17. இத்தனை தேவாலயம் இருந்தும் தெருவில் அங்கி அணிந்த பாதிரியார் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லையே?

1934இல் வந்த சட்டம் ஒன்று, வழிபாட்டு இடத்துக்கு வெளியே மதகுருக்கள் மத உடை அணிவதைத் தடை செய்கிறது. எல்லா மதத்துக்கும் பொதுவான சட்டம், இமாம்களுக்கும் அதுவே. மதச் சமூகத்தின் தலைவருக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே நீங்கள் டிராமில் கோட்டு சூட்டோடு பார்த்த தாடிக்காரர் குருவானவராகவே இருந்திருக்கலாம்.

18. பாதுகாப்பு எப்படி? தேவாலயத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததாகப் படித்தேன்.

2024 ஜனவரி 28, ஞாயிறு. சரியர் பகுதியில் உள்ள சாந்தா மரியா தேவாலயத்தில் திருப்பலியின்போது இருவர் புகுந்து சுட்டதில் ஒருவர் இறந்தார். ஐஎஸ் அமைப்பு பொறுப்பேற்றது. அதற்குப் பிறகு பெரிய தேவாலயங்களின் வாசலில் போலீஸ் நிற்பதும் பையைச் சோதிப்பதும் சாதாரணமாகிவிட்டது. பாஸ்போர்ட்டையோ அதன் நகலையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முதுகுப்பையை ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. இதற்கு மேல் பயப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

19. ரமலானில் வந்தால் தேவாலயங்கள் மூடியிருக்குமா? கிறிஸ்துமஸுக்கு வருவது நல்லதா?

ரமலானில் தேவாலயங்கள் வழக்கம்போல் இயங்கும். மசூதியாக மாறியவற்றில்தான் கூட்டம் அதிகம். மற்ற மாதங்களிலும் வெள்ளி நண்பகலில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஹாகியா சோபியாவில் அன்று பகல் இரண்டரை மணிக்குப் பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்கள்.

டிசம்பர் 25 இங்கே அரசு விடுமுறை அல்ல. கத்தோலிக்கரும் கிரேக்கரும் அன்று கொண்டாடுகிறார்கள். அர்மேனியர்களுக்கு ஜனவரி 6. அதே ஜனவரி 6 கிரேக்கர்களுக்குத் திருக்காட்சிப் பெருவிழா. ஃபெனெர் கரையில் முதுபெரும் தந்தை கோல்டன் ஹார்ன் நீரில் மரச்சிலுவையை வீசுவார். இளைஞர்கள் அந்தக் குளிரில் குதித்து, யார் முதலில் எடுப்பது என்று போட்டி போடுவார்கள். என்னைக் கேட்டால் கிறிஸ்துமஸைவிட அந்த நாளுக்கு வாருங்கள். ஈஸ்டர் தேதி ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் பெரும்பாலான ஆண்டுகளில் வேறாக வரும், பார்த்துத் திட்டமிடுங்கள்.

20. இவ்வளவு தேவாலயங்களைக் கட்டிய கிறிஸ்தவர்கள் எங்கே போனார்கள்? அங்குள்ளவர்களிடம் கேட்கலாமா?

1923இல் துருக்கியும் கிரீஸும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கு விலக்கு கிடைத்தது. அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். 1942இல் முஸ்லிம் அல்லாதவர்களை நசுக்கிய சொத்து வரி வந்தது. 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில், கிரீஸின் தெசலோனிகியில், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் பிறந்த வீட்டருகே குண்டு வெடித்த செய்தியைத் தொடர்ந்து, கும்பல்கள் கிரேக்கர்களின் கடைகளையும் வீடுகளையும் தேவாலயங்களையும் கல்லறைகளையும் நொறுக்கின. 1964இல் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். இன்று மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். அர்மேனியர்கள் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அர்மேனியர்கள் பெருமளவில் கொல்லப்பட்ட 1915இன் பேரழிவுக்கு முன்பிருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் குறைவுதான். வேறொரு பக்கமும் இருக்கிறது: 2023 அக்டோபரில் யெஷில்கோய் பகுதியில் சிரியாக் ஆர்த்தடாக்ஸ் மக்களின் மோர் எஃப்ரெம் தேவாலயம் திறக்கப்பட்டது. துருக்கிக் குடியரசின் வரலாற்றில் புதிதாகக் கட்டிய முதல் தேவாலயம் அது.

காவலாளியிடமோ பங்கு மக்களிடமோ போய் இதையெல்லாம் நேரடியாகக் கேட்காதீர்கள். அவர்கள் இங்கேயே வாழ வேண்டியவர்கள்; நீங்கள் நாளை விமானம் ஏறிவிடுவீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

21. மசூதியாக மாறிய தேவாலயத்தில் நான் சிலுவை அடையாளம் போட்டு ஜெபிக்கலாமா?

மனதுக்குள் ஜெபிப்பதை யார் தடுக்க முடியும்? ஆனால் மண்டியிடுவது, பாடுவது, குழுவாகச் சேர்ந்து ஜெபிப்பது வேண்டாம். அங்கே தொழுகைக்கு வந்தவருக்கு அது சீண்டலாகத் தோன்றும், காவலர்களும் தலையிடுவார்கள். குட்டி ஹாகியா சோபியாவில் ஜஸ்டினியன், தியோடோரா பெயர்களைச் சொல்லும் கிரேக்கக் கல்வெட்டு தூண்களுக்கு மேல் சுற்றிலும் ஓடுகிறது. கரக்கோய் பக்கத்து அரபு மசூதி முன்பு தொமினிக்கன் துறவிகளின் கோவிலாக இருந்தது. அதன் சதுர மினாரா பழைய மணிக்கோபுரமேதான். இவற்றைத் தேடிப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. இமாம்களே சில நேரம் கைகாட்டி விளக்குவார்கள்.

22. நான் இந்து. எனக்கும் அனுமதி உண்டா? மெழுகுவர்த்தி ஏற்றலாமா?

உண்டு, ஏற்றலாம். 15ஆம் பதிலைப் படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. 14ஆம் பதிலில் சொன்ன நற்கருணை விதி மட்டும் உங்களுக்கும் பொருந்தும்.

23. வழிகாட்டி யாரும் சொல்லாத ஓர் இடம் சொல்லுங்கள்.

பாலிக்லி. பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே, சிலிவ்ரி வாயிலைத் தாண்டி, கல்லறைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிரேக்கத் தேவாலயம். படியிறங்கினால் நிலத்தடியில் ஒரு நீரூற்று, நீரில் மீன்கள். 1453இல் நகரம் விழுந்த செய்தி வந்தபோது துறவி ஒருவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தாராம். சட்டியிலிருக்கும் மீன் உயிர்பெற்றுத் துள்ளினால்தான் நம்புவேன் என்றாராம். ஒரு பக்கம் மட்டும் பொரிந்திருந்த மீன்கள் துள்ளி நீரில் குதித்துவிட்டன என்கிறது கதை.

முற்றத்தில் முதுபெரும் தந்தையரின் கல்லறைகள் இருக்கின்றன. தரையிலும் பழைய கல்லறைக் கற்களையே பாவியிருக்கிறார்கள். குனிந்து பாருங்கள்: எழுத்து கிரேக்கம், மொழியோ துருக்கி. அனத்தோலியாவிலிருந்து வந்து குடியேறிய, துருக்கி மொழி மட்டுமே பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் கற்கள் அவை. சிலவற்றில் இறந்தவரின் தொழிலைக் காட்டும் கருவியும் செதுக்கியிருக்கும். ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இங்கே திருவிழா. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், டாக்ஸிக்காரரிடம் மருத்துவமனைப் பக்கம் என்று சொல்லிவிடாதீர்கள். அதே பெயரில் அருகிலேயே கிரேக்க மருத்துவமனை ஒன்றும் இருக்கிறது. நேராக அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.